பயறு சாப்பிட்டும் கொழுப்பு ஏறிவிட்டதே, ஏன்?

குலசேகரம் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வயது 57. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, வோக்ளிபோஸ் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரையைக் காலையிலும் இரவிலும் போடுகிறார். கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் இரவில் ஒன்று. மூன்று மாதத்துக்கு முன் உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்திருக்கிறது. தினமும் பயறு சாப்பிட்டால் கொழுப்பு மாத்திரையே வேண்டாம், போகப்போகச் சர்க்கரை மாத்திரையையும் விட்டுவிடலாம் என்று யாரோ அதில் பேசியிருக்கிறார். இவரும் நம்பிக்கையோடு தொடங்கினார். விடியற்காலையில் கொள்ளுத் தண்ணி, காலையில் புட்டும் கடலையும், சாயங்காலம் ஒரு கிண்ணம் சிறுபயறு சுண்டல், இரவில் கஞ்சியும் பயறும். கொழுப்பு மாத்திரையை அன்றோடு நிறுத்திவிட்டார்.

போன வாரம் ரத்தம் பார்த்தால் எல்.டி.எல் என்கிற கெட்ட கொழுப்பு 138. போன வருடச் சீட்டில் அது 84. ரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 240. வெறும் வயிற்றில் சர்க்கரை 148, சாப்பிட்ட பின் 236, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ1சி 8.2. எடையும் இரண்டு கிலோ கூடிவிட்டது. அவருடைய மச்சான், "பயறு எல்லாம் மாவுதான், அதை விடு, யூரிக் ஆசிட் வேறு ஏறும்" என்கிறார். வீட்டுக்காரியோ பயறைக் குறை சொல்லவே விடமாட்டேன் என்கிறார். 'என் உடம்புக்குப் பயறு ஒத்துக்கொள்ளவில்லையா டாக்டர்?' இதுதான் அவர் கேள்வி. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: தோட்டத்தில் இரண்டு முறை கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். மடியில் வைத்திருந்த கருப்பட்டித் துண்டைத் தின்றும் தெளிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆனதாம். 'பயறு சர்க்கரையை ரொம்பக் குறைத்துவிட்டது போல' என்று அதற்கு அவரே ஒரு விளக்கமும் சொல்லியிருக்கிறார்.

வணக்கம் ஐயா. நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். பயறும் கொழுப்பும் ஒரு வாரம் காத்திருக்கும். இது காத்திருக்காது.

தோட்டத்தில் வந்த நடுக்கம்

வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். அதனால் நாலு மணிக்கே எழுந்து, கொள்ளுத் தண்ணியும் ஒரு கட்டன் சாயாவும் குடித்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். புட்டு சாப்பிடுவது ஒன்பதரைக்கு. நடுவில் ஐந்து மணி நேரத்துக்கு மேல், அதுவும் மரத்துக்கு மரம் நடை, ஏற்றம் இறக்கம், குனிந்து நிமிர்கிற வேலை. உங்கள் மாத்திரையில் இருக்கும் கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அந்த வியர்வையும் நடுக்கமும் கண் இருட்டும் சர்க்கரை தாழ்ந்துபோனதன் அடையாளம் என்றே நினைக்கிறேன். பயறு மட்டும் அப்படிச் சர்க்கரையைக் கீழே இழுத்துப் போடாது. வெறும் வயிற்றில் போட்ட மாத்திரையும் உடல் உழைப்பும் சேர்ந்தால் இழுத்துப் போடும்.

கருப்பட்டி ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் பதில் உங்கள் மாத்திரையிலேயே இருக்கிறது. கருப்பட்டி, வெல்லம், வெள்ளைச் சீனி எல்லாவற்றிலும் பெரும்பங்கு சுக்ரோஸ். குடலில் ஒரு நொதி அதை உடைத்தால்தான் ரத்தத்துக்குப் போகும். வோக்ளிபோஸின் வேலையே அந்த நொதியைத் தடுப்பது. ஆகவே அந்த மருந்து போட்டவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் கருப்பட்டியும் மிட்டாயும் மெதுவாகத்தான் கைகொடுக்கும். உடைக்கத் தேவையில்லாத குளுக்கோஸ்தான் வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, தண்ணீர் பாட்டிலோடு கூடவே வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம் வந்தால் உடனே கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். மூன்று தேக்கரண்டி, அதாவது 15 கிராம் பொடியைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்த பிறகு கட்டாயம் ஏதாவது சாப்பிட வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் வெட்டுகிற ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி இப்படி வராமல் இருக்க இரண்டு வழி உண்டு. இரண்டையுமே உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த மாத்திரையை நாளின் முதல் முழுச் சாப்பாட்டோடு, உங்கள் விஷயத்தில் ஒன்பதரை மணிப் புட்டோடு, எடுப்பது ஒன்று. கிளிமிபிரைடுக்குப் பதில், தனியாக எடுத்தால் சர்க்கரையைத் தாழ்த்தாத வேறு வகை மருந்துக்கு மாறுவது மற்றொன்று. சிட்டாகிளிப்டின் போன்ற மருந்துகளின் விலை 2022இல் காப்புரிமை முடிந்த பிறகு நன்றாகவே இறங்கியிருக்கிறது. உங்கள் வேலை நேரத்துக்கு இரண்டாவது வழிதான் பொருத்தம் என்பது என் எண்ணம். ஆனால் உங்களைப் பரிசோதித்தவர் நான் இல்லை. மருத்துவரிடம், "நாலு மணிக்கு மாத்திரை, ஒன்பதரைக்குச் சாப்பாடு" என்று மணிக்கணக்கோடு சொல்லுங்கள். பால்வெட்டுக்காரர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதே இல்லை. டாக்டரும், "காலையில் ஒன்று" என்று எழுதும்போது எட்டு மணி இட்லியைத்தான் மனதில் வைத்திருப்பார்.

கொழுப்பு ஏறியது பயறாலா?

இல்லை. உங்கள் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாத்திரை போட்ட காலத்தில் எல்.டி.எல் 84. மாத்திரையை விட்டு மூன்று மாதம் கழித்து 138. அடோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் எல்.டி.எல்-ஐ மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேலாகவே குறைக்கும். 138இல் அவ்வளவைக் கழித்தால் ஏறக்குறைய உங்கள் பழைய 84 வந்துவிடுகிறது. பயறு ஏற்றியதாக ஒன்றுமில்லை. மாத்திரை அமுக்கி வைத்திருந்தது மறுபடி எழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்படியானால் பயறு கொழுப்பைக் குறைக்கும் என்பது பொய்யா? அதுவும் இல்லை. பயறில் இருக்கும் கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறுகிறது. குறைந்துபோன பித்தத்தைத் திரும்பத் தயாரிக்கக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். அதை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. எல்.டி.எல் இறங்குகிறது. எவ்வளவு இறங்குகிறது என்பதில்தான் வாட்ஸ்அப்காரர் தடம் புரண்டார். ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட 26 பரிசோதனைகளைத் தொகுத்துக் கனடா ஆய்வாளர்கள் 2014இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். நாளுக்குச் சுமார் 130 கிராம் வெந்த பயறு சாப்பிட்டால் எல்.டி.எல் ஏறத்தாழ 5 சதவீதம் குறைகிறது. உங்கள் 138க்கு அது ஆறு, ஏழு புள்ளி. 131 என்று வரும். சர்க்கரை நோயாளிக்கு எல்.டி.எல் 100க்குக் கீழே இருக்க வேண்டும், பலருக்கு 70க்குக் கீழேயே வேண்டும் என்கிறோம். பயறை மட்டும் நம்பி அங்கே போய்ச் சேர முடியாது.

நாற்பது வயது தாண்டிய சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டாடின், அதாவது அடோர்வாஸ்டாடின் வகைக் கொழுப்பு மாத்திரை, கொடுப்பது சீட்டில் வருகிற எண்ணைச் சரிசெய்வதற்காக மட்டும் இல்லை. மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பைக் குறைக்கத்தான். 'கொழுப்பு மாத்திரையே சர்க்கரையை ஏற்றும் என்கிறார்களே' என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அது முழுப் பொய் இல்லை. சிலருக்குச் சர்க்கரை மிகச் சிறிதளவு ஏறுவது உண்மை. ஆனால் மாரடைப்பைத் தடுப்பதில் கிடைக்கும் பலன் அதைவிடப் பல மடங்கு பெரியது. தசை வலி போன்ற தொந்தரவு எதுவும் உங்களுக்கு வந்ததாகக் கடிதத்தில் இல்லை. எனவே மருத்துவரைப் பார்த்து அந்த மாத்திரையைத் திரும்பத் தொடங்குவதே நல்லது. பயறும் கூடவே இருக்கட்டும். மாத்திரை இறக்குகிற இறக்கத்தோடு பயறின் சிறு இறக்கமும் சேரும்.

தட்டில் எது வந்தது, எது போனது?

சர்க்கரையும் எடையும் கூடியதற்கு வருகிறேன். உங்கள் ஒரு நாள் சாப்பாட்டைக் கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த விதத்திலேயே பதில் இருக்கிறது. இரண்டு குழல் புட்டு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. மதியம் சம்பா அரிசிச் சோறு குறையவில்லை. வாரத்தில் மூன்று நாள் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளை மீன் கறியும் அப்படியே தொடர்கிறது. இவற்றோடு பயறு 'கூடுதலாக' வந்திருக்கிறது. அந்தச் சொல்லையே நீங்கள் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

பயறு என்றால் வெறும் புரதம் என்று பலரும் நினைக்கிறார்கள். உங்கள் மச்சான் சொன்னதில் பாதி சரிதான். உலர்ந்த சிறுபயறு 100 கிராமில் சுமார் 24 கிராம் புரதம், 60 கிராமுக்குச் சற்று மேல் மாவுச்சத்து. அந்த 60இல் கால் பங்கு நார், அது சர்க்கரையாக மாறாது. மிச்சமும் மெதுவாகத்தான் செரிக்கும். வெந்த பிறகும் பயறின் உள்ளே மாவு செல் சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. செரிமான நொதி உள்ளே நுழைய நேரம் பிடிக்கிறது. சோற்று மாவில் இந்தத் தடை இல்லை. எந்த உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதை அளக்க, டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981இல் கிளைசீமிக் குறியீடு என்று ஒன்றை உருவாக்கினார்கள். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்தால், வெள்ளை அரிசிச் சோறு பெரும்பாலும் 70 பக்கம் நிற்கிறது. கொண்டைக்கடலை 30 பக்கம்தான்.

மெதுவாக ஏறினாலும் ஏற்றம் ஏற்றம்தான். சோற்றுக்கு மேலே கொட்டினால் அதுவும் கூட்டுக் கணக்கில்தான் சேரும். சோற்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பயறை வைக்கும்போதுதான் பலன். அதே ஜென்கின்ஸ் குழு 2012இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இதற்கு நல்ல சான்று. சர்க்கரை நோயுள்ள 121 பேரில் ஒரு பிரிவினர் மூன்று மாதம் தினமும் குறைந்தது ஒரு கப் வெந்த பயறு வகைகளைச் சாப்பிட்டார்கள். இன்னொரு பிரிவினர் முழுக் கோதுமை உணவு சாப்பிட்டார்கள். பயறுப் பிரிவில் எச்.பி.ஏ1சி 0.5 புள்ளி குறைந்தது. கோதுமைப் பிரிவில் 0.3. ரத்த அழுத்தமும் பயறுப் பிரிவில் கூடுதலாக இறங்கியது. கவனியுங்கள், இவர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பயறு சாப்பிட்டவர்கள் இல்லை. மாத்திரையோடு சாப்பிட்டவர்கள். உங்கள் 8.2க்கு அரைப் புள்ளி இறக்கம் கிடைத்தால் 7.7. நல்ல லாபம்தான். மாத்திரையை விடுகிற அளவு லாபம் இல்லை.

சரி, தட்டை எப்படி மாற்றுவது? ஒன்பதரை மணிச் சாப்பாட்டில் தொடங்குங்கள். இரண்டு குழல் புட்டும் இரண்டு கரண்டி கடலைக்கறியும் என்பதை ஒரு குழல் புட்டும் ஒரு கப் கடலையும் என்று திருப்பிப் போடுங்கள். கறி கட்டியாக இருக்கட்டும், சாறை மட்டும் ஊற்றிக்கொண்டால் கணக்கில் வராது. காலையில் பயறு சாப்பிட்டால் மதியம் சோறு ஏற்றுகிற சர்க்கரையும் ஓரளவு மட்டுப்படும் என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். உங்களுக்கு அது வசதி. மதியம் சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துப் பெரும்பயறு துவரனோ கட்டிப் பருப்போ வையுங்கள். இரவுக் கஞ்சியில் அரிசி பாதி, சிறுபயறு பாதி. சாயங்காலச் சுண்டல் தேவையில்லை, ரொம்பப் பசித்தால் மட்டும் கொஞ்சம். ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் உலர்பயறு வெந்தால் 120, 130 கிராம் வரும். நாளுக்கு அந்த அளவில் தொடங்குங்கள், வயிறு பழகியதும் கொஞ்சம் கூட்டலாம்.

சம்பா அரிசி சிவப்பாக இருப்பதால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். தவிட்டோடு இருக்கிற அரிசி நல்லதுதான், அளவு மட்டும் அதற்கும் உண்டு. மரச்சீனி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வெந்த கிழங்கில் 100 கிராமுக்குச் சுமார் 35 கிராம் மாவுச்சத்து, நாரும் புரதமும் மிகக் குறைவு. திருவிதாங்கூரில் இதைப் பரப்பியவர் 1880களில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரில் அரிசி கிடைக்காத நாட்களில் நம் பாட்டன்மார் வயிற்றை இதுதான் காத்தது. அந்த நன்றியை வேறு விதத்தில் காட்டலாம், வாரத்துக்கு மூன்று முறை தட்டு நிறையத் தின்றுதான் காட்ட வேண்டும் என்பதில்லை. வாரத்தில் ஒரு நாள், நாலைந்து துண்டு, மீன் கறி தாராளமாக, அன்று சோறு கிடையாது. இப்படி வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. சோற்றையும் புட்டையும் குறைக்கத் தொடங்கும்போது பழைய அளவு கிளிமிபிரைடு உங்களுக்கு அதிகமாகிவிடலாம், தாழ்சர்க்கரை இன்னும் அடிக்கடி வரலாம். அதனால் மாத்திரை நேரத்தை மருத்துவர் சரிசெய்த பிறகே தட்டை மாற்றுங்கள்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் என் பேச்சையும் மச்சான் பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். தட்டு மாறிய பிறகு, ஒருநாள் பழைய அளவுப் புட்டு, மறுநாள் புதிய அளவு. முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இரண்டு நாளும் குத்திப் பாருங்கள். வேலையும் மாத்திரையும் இரண்டு நாளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வித்தியாசம் தெரியும்.

கொள்ளுத் தண்ணி, ரசவடை, முந்திரிக்கொத்து

கொள்ளை வேகவைத்து இறுத்த தண்ணியில் கொள்ளின் பலன் அதிகம் இருக்காது. நாரும் புரதமும் பெரும்பாலும் பயறோடுதான் நிற்கும். தண்ணியைக் குடித்துவிட்டுக் கொள்ளை மாட்டுக்குப் போடுவதாக எழுதியிருந்தீர்கள். நல்ல பங்கு மாட்டுக்குப் போகிறது! கொள்ளைத் துவையலாகவோ சுண்டலாகவோ சாப்பாட்டோடு சாப்பிடுங்கள். விடியற்காலையில் வெறும் வயிற்றில்தான் குடிக்க வேண்டும் என்பதற்கு எந்த அவசியமும் இல்லை.

வடசேரிச் சந்தைக்குப் போனால் ரசவடை சாப்பிடாமல் வருவதில்லை, அதுவும் பருப்புதானே என்று கேட்கிறீர்கள். பருப்புதான். ஆனால் அரைத்தாயிற்று, எண்ணெயில் பொரித்தாயிற்று. அரைக்கும்போது நான் மேலே சொன்ன செல் சுவர் உடைந்துபோகிறது, எண்ணெய் வேறு ஏறுகிறது. எப்போதாவது சந்தை நாளில் ஒன்று சாப்பிட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன், பயறுக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். பப்படமும் அப்படியே, உளுந்து மாவு என்றாலும் உப்பும் எண்ணெயும் அதிகம். முந்திரிக்கொத்து சிறுபயறில் செய்தது என்று உங்கள் வீட்டில் வாதாடுகிறார்களாம். வெல்லப் பாகை ஊற்றி உருட்டி, மாவில் முக்கி, எண்ணெயில் போட்டு எடுத்த பிறகு அதில் பயறின் பெயர்தான் மிச்சம். சிறுபருப்புப் பாயசத்துக்கும் இதே தீர்ப்பு.

தேங்காயைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டால் விடச் சொல்லிவிடுவேனோ என்ற பயமாக இருக்கலாம். குமரி மாவட்டத்துக்காரரிடம் தேங்காயை விடு என்று சொல்லிவிட்டு நான் இங்கே மருத்துவம் பார்க்க முடியாது. ஆனாலும் சொல்கிறேன். தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பரிசோதனைகளின் தொகுப்பில், தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்-ஐச் சுமார் 10 புள்ளி கூடுதலாக ஏற்றியது தெரிந்திருக்கிறது. பயறு கொண்டுவரும் ஆறு, ஏழு புள்ளி லாபத்தைக் கடலைக்கறியின் எண்ணெயும் அரைப்பும் சேர்ந்தே தின்றுவிடலாம். துருவிய தேங்காய் கொஞ்சம் துவரனில் இருக்கட்டும். தாளிக்க நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ வைத்துக்கொள்ளுங்கள். கடலைக்கறியில் அரை மூடி அரைக்கிற இடத்தில் இரண்டு கரண்டித் துருவல் போட்டு, மிச்சக் கட்டிக்குக் கொஞ்சம் வெந்த கடலையையே மசித்து விடலாம். சுவை அவ்வளவாகக் கெடாது. எங்கள் வீட்டில் நடக்கிற வழக்கம்தான்.

வாயு, யூரிக் ஆசிட், சிறுநீரகம்

வயிறு உப்பி, தோட்டத்தில் கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்யும் அளவுக்கு வாயு போவதாக எழுதியிருக்கிறீர்கள். இதிலும் வோக்ளிபோஸுக்குப் பங்கு உண்டு. அது செரிக்க விடாமல் கீழே தள்ளுகிற மாவுச்சத்தைப் பெருங்குடல் கிருமிகள் புளிக்க வைக்கின்றன. பயறும் அதே இடத்தில்தான் புளிக்கிறது. இரண்டும் ஒரே வேளையில் சேர்ந்தால் சத்தம் கேட்கத்தான் செய்யும். மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள், வோக்ளிபோஸ் தேவையா என்று அவர் பார்க்கட்டும். வீட்டில் செய்ய வேண்டியது: பயறை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவையுங்கள். ஒரே நாளில் நாலு வேளை பயறு என்று தொடங்கியது தப்பு. கால் கப்பில் தொடங்கி வாரத்துக்கு வாரம் ஏற்றினால் குடல் பழகிக்கொள்ளும். ராஜ்மா வாங்குவதாக இருந்தால் அரைவேக்காடு கூடவே கூடாது. அதில் இருக்கும் ஒரு நச்சுப்புரதம் நன்றாகக் கொதித்தால்தான் அழியும், இல்லையென்றால் வாந்தியும் பேதியும்தான்.

யூரிக் ஆசிட்டைப் பற்றி மச்சானுக்கு இருக்கும் பயம் பழைய பயம். அமெரிக்காவில் 47,000க்கு மேற்பட்ட ஆண்களை 12 வருடம் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சியும் மீனும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு கவுட் என்கிற மூட்டுவாதம் கூடுதலாக வந்தது. உடம்பில் யூரிக் ஆசிட்டாக மாறுகிற பியூரின் மிகுந்த காய்கறி, பயறு வகைகளால் அப்படிக் கூடவில்லை. அந்தக் கணக்கில் மச்சான் சந்தேகப்பட வேண்டியது சாளையைத்தான். ஆனால் சாளையில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு இதயத்துக்கும் உங்கள் ட்ரைகிளிசரைடுக்கும் நல்லது. உங்களுக்கு மூட்டுவாதம் வந்ததில்லை. அதனால் குழம்பாகச் சாப்பிடும் சாளையையும் விட வேண்டியதில்லை. பொரித்த மீனைக் குறையுங்கள்.

சிறுநீரகத்தில்தான் நான் கொஞ்சம் நிதானிக்கிறேன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் உங்கள் சீட்டில் 1.1, உங்கள் வயதுக்குப் பயப்பட வேண்டிய எண் இல்லை. ஒரு கைப்பிடிப் பயறில் 12 கிராம் அளவு புரதம்தான், அது உங்கள் சிறுநீரகத்துக்குப் பாரம் ஆகாது. ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே நன்றாகப் பழுதுபட்டவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் கூடியவர்களுக்கும் இந்தக் கட்டுரை பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் பயறைக் கூட்டக் கூடாது. உங்களுக்குமே ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிறது. ஒன்பது வருடத்தில் சிறுநீரில் அல்புமின் என்கிற புரதம் கசிகிறதா என்று பார்த்ததாக ஒரு சீட்டும் இல்லை. கிரியேட்டினின் ஏறுவதற்கு வருடக்கணக்கில் முன்பே அல்புமின் கசிவு காட்டிக்கொடுத்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டியது அது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மருந்து வாங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், அங்கேயே கேளுங்கள். கண் பரிசோதனையும் கால் உணர்ச்சிப் பரிசோதனையும் எப்போது செய்தீர்கள் என்றும் எழுதவில்லை. தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்கிறவர் என்றால் காலை விட்டுவிடக் கூடாது.

இந்த வாரமே போங்கள். மாத்திரை அட்டையையும் இரண்டு வருடச் சீட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்சர்க்கரை வந்ததை முதலில் சொல்லுங்கள், கொழுப்பு மாத்திரையை நீங்களாகவே நிறுத்தியதை மறைக்க வேண்டாம். ஒருவேளை திட்டு விழும், பரவாயில்லை. மாத்திரையும் தட்டும் மாறிய பிறகு மூன்று மாதம் கழித்து எச்.பி.ஏ1சியும் எல்.டி.எல்லும் மறுபடி பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் எச்.பி.ஏ1சியில் முழு மாற்றம் தெரியாது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகிற அன்று காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். ரத்தம் கொடுத்து முடித்த பிறகு, சாப்பாடு முன்னால் வந்ததும் போட்டால் போதும்.